ஜெயசித்ரா வரையும் அம்புக்குறிகள்

அரியலூர் பஸ் ஸ்டாண்டை விட்டு பஸ் நகர்வதற்குள் ஜெயசித்ரா ஜன்னல் கண்ணாடியில் மூன்று பெட்டிகள் போட்டுவிட்டாள். சிமென்ட் லாரிகள் ஓடுகிற ஊர். கண்ணாடியில் தூசிக்குப் பஞ்சமில்லை, ஆள்காட்டி விரலே பென்சில். மேலே ஒரு பெட்டி, கீழே இரண்டு. மேல்பெட்டியிலிருந்து இடது பெட்டிக்கு ஒரு அம்புக்குறி இழுத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, இடது பெட்டியிலிருந்து மேல்பெட்டிக்கு இழுத்தாள். கண்டக்டர் பக்கத்தில் நின்று, "எங்கம்மா போவணும்?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டார்.

"இருங்க, கொஞ்சம் குழம்பிக்கிறேன்" என்றாள்.

மற்றவர்கள் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லும் இடத்தில் அவள் இப்படித்தான் சொல்வாள். குழப்பம் அவளுக்கு அரிசி களைகிற மாதிரி ஒரு வேலை. செய்து முடிக்காமல் அடுப்புப் பக்கம் போக முடியாது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆண்டிமடங்க. இந்த பஸ் அங்கதான போவுது?" என்று கேட்டாள். போகும் என்று கண்டக்டர் சொன்ன பிறகும் எதிர்சீட்டுக்காரரிடம் ஒருமுறை விசாரித்துக்கொண்டாள்.

நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக ஓடியாடியவள். கதறுகிற குழந்தையின் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். அந்த நேரத்தில் அவளிடம் குழப்பம் மருந்துக்கும் இருக்காது. கைக்குத் தெரிந்த எதிலும் அவள் தடுமாறியதில்லை. அதையே காகிதத்தில் எழுதச் சொன்னால்தான் எல்லாம் இடம் மாறிப்போகும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிற்றில் ஒரு அழிரப்பரைக் கட்டி வைத்திருப்பாள். பென்சிலைவிட ரப்பர்தான் சீக்கிரம் தேய்கிறது.

வீடு குரும்பலூரில். கணவன் மணிவேல் வயரிங் வேலை செய்கிறவன். அவள் வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. நர்சிங் சேர்ந்தபோது, "முடிச்சா டியூட்டர் வேல, இனிமே நைட் டூட்டி கெடையாது" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான். கல்லூரியும் அவளுக்கென்று ஒரு இடத்தை வாய்வார்த்தையாக வைத்திருந்தது. பாடமெல்லாம் எப்படியோ தாண்டி வந்துவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டாள்.

நர்சிங் ஆய்வேட்டில் அப்படி ஒரு பக்கம் உண்டு. ஃப்ரேம்வொர்க் என்பார்கள். இந்த ஆய்வு எந்தத் தியரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பெட்டியும் அம்புக்குறியுமாக வரைந்து காட்ட வேண்டும். நியாயப்படி அதுதான் அஸ்திவாரம், முதலில் போட வேண்டியது. நடைமுறையில் எல்லோரும் வீட்டைக் கட்டிக் குடியேறிய பிறகுதான் அஸ்திவாரத்தைத் தேடுகிறார்கள். சேலை எடுத்துவிட்டு மேட்ச்சிங் பிளவுஸ் துணி தேடுவதுபோல, லைப்ரரியில் பழைய ஆய்வேடு ஒன்றை எடுத்து, பெட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் வார்த்தைகளை மட்டும் மாற்றிவிடுவார்கள். சர்க்கரை நோயாளிகள் இருந்த பெட்டியில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் வந்து உட்காருவார்கள். அம்புக்குறிகளை யாரும் தொடுவதில்லை. கூடப் படிக்கும் சின்னப் பெண் பிரவீணா அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். "அம்பு எங்க போனா நமக்கென்னக்கா, நாமளா அதுல ஏறிப் போவப் போறோம்" என்றாள்.

ஜெயசித்ராவும் அப்படியே செய்துவிட்டுப் போயிருக்கலாம். கெட்ட வேளை, ஒரு அம்புக்குறியைப் பார்த்து, இது ஏன் இந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுவிட்டாள். அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

அவள் எடுத்துக்கொண்ட தியரி சிக்கலானதே இல்லை. மனுஷர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வல்லமை உள்ளவர். வல்லமை குறைந்து தேவை கூடும்போது நடுவில் ஒரு பற்றாக்குறை விழுகிறது. அந்தப் பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நர்ஸ் உள்ளே வர வேண்டும். அவரே செய்துகொள்ளக் கூடியதை நீ செய்து கொடுத்தால் அவரை முடமாக்குகிறாய். பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் வார்டில் அவள் பார்த்த எந்த நோயாளியும் தனியாக வந்ததில்லை. கட்டிலுக்கு மேல் ஒருத்தர், கீழே மூன்று பேர், வராண்டாவில் சோற்றுத் தூக்கோடு இரண்டு பேர். இதில் மனுஷர் என்ற பெட்டிக்குள் யாரை வைப்பது, கட்டிலில் இருப்பவரை மட்டுமா, தூக்கோடு நிற்பவர்களையும் சேர்த்தா? இதைப் பிரவீணாவிடம் கேட்டாள். அவள் அன்றிலிருந்து மெஸ்ஸில் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள்.

ஆய்வு முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கைகளைப் பற்றியது. ஆண்டிமடத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் அவள் அக்கா அமிர்தவல்லி கொட்டை உடைக்கிறாள். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள், விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள், இருந்தும் யாராவது ஒருத்திக்குக் கை புண்ணாகத்தான் இருக்கும். கையுறை மாட்டினால் பருப்பு எது ஓடு எது என்று விரலுக்குத் தெரிவதில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். இந்தப் பெண்கள் தங்கள் கையைத் தாங்களே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதி, சொல்லிக் கொடுத்து, பிறகு மறுபடி கேட்டு எழுதுவது அவள் திட்டம்.

முதல் தடவை போனபோது மத்தியான நேரம். கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்துகொண்டு, அக்காவின் பக்கத்தில் இருந்த செல்வம்மாளிடம் கேள்வியை ஆரம்பித்தாள். தலை நீங்களே சீவிக்க முடியுதா, சோறு நீங்களே பிசைஞ்சு சாப்பிட முடியுதா, ரவிக்கைக் கொக்கி நீங்களே மாட்டிக்க முடியுதா. செல்வம்மாளின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்து கிடந்தன. அவள் வாயைத் திறந்தாள். அமிர்தவல்லி தன் தட்டில் பிசைந்த சோற்றில் ஒரு உருண்டையை அந்த வாயில் வைத்தாள். மென்று விழுங்கிவிட்டுத்தான் செல்வம்மாள் பேசினாள்.

"நானே எதுக்குப் புள்ள சீவிக்கணும்? ஒங்கக்கா இருக்கா, சீவி வுடுறா. நாளைக்கு அவ கை வெந்துச்சுன்னா நான் சீவி வுடுவேன். இதெல்லாம் ஒரு கேள்வின்னு பெரம்பலூருலேருந்து பஸ் ஏறி வந்திருக்கியே."

ஜெயசித்ரா கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள். எங்கே குறிப்பது என்று தெரியவில்லை. ஆள் ஆளாகப் பார்த்தால் இவர்களுக்கு முடியவில்லை. கொட்டகையாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. தலை சீவியாயிற்று, சோறு உள்ளே போயிற்று, கொக்கி மாட்டியாயிற்று. அப்படியானால் பற்றாக்குறை எங்கே? பற்றாக்குறை இல்லையென்றால் நான் எதற்கு இந்தக் கூடை மேல் உட்கார்ந்திருக்கிறேன்? பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே நினைத்துக்கொண்டு, பெரம்பலூரில் இறங்காமல் துறையூர் வரைக்கும் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, மனுஷர் என்ற பெட்டியை உடைத்துப் பல பெட்டிகளாக்கினாள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு, திரும்ப முதலாவதற்கு என்று அம்புகள் போட்டாள். மணிவேல் எட்டிப் பார்த்தான். "ஒரு வூட்டு மெயின் போர்டுல கூட இத்தன வயரு ஓடாது. எங்கயாவது ஷார்ட் ஆவப் போவுது பாரு" என்றான்.

ஷார்ட் ஆனது. கைடு பாக்யலட்சுமி மேடம் கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஆளுங்களுக்குள்ள அம்பு போகுதே, இது ஒரிஜினல் தியரில இல்லையேம்மா."

"ஆண்டிமடத்துல இருக்குதுங்க மேடம்."

"ஆண்டிமடத்துல இருக்கறதெல்லாம் தியரில வராது." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வர்ற வெள்ளிக்கெழம கமிட்டி. அன்னைக்கு அவங்க ஒத்துக்கலன்னா நீங்க ஜூனியர் பேட்ச்சோடதான் முடிக்கணும். டியூட்டர் போஸ்ட்ட அதுவரைக்கும் வச்சிருப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. நல்ல புள்ளையா அந்த அம்ப எடுத்துட்டு வாங்க."

நல்ல பிள்ளையாக எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். எடுத்தால் பொய் சொன்ன மாதிரி இருந்தது. வைத்தால் வேலை போய்விடும் போல இருந்தது. அந்த அம்பு அங்கே நிஜமாகவே இருக்கிறதா, தனக்குத்தான் அப்படித் தோன்றிற்றா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான், கமிட்டிக்கு இரண்டு நாள் முன்னால், தூசிக் கண்ணாடியில் பெட்டி போட்டுக்கொண்டு இந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

கொட்டகையில் அன்றும் சாப்பாட்டு நேரம். இந்தத் தடவை ஊட்டிக்கொண்டிருந்தவள் கைப்புண் ஆறிவிட்ட செல்வம்மாள், வாயைத் திறந்துகொண்டிருந்தவள் அமிர்தவல்லி. ஜெயசித்ராவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அம்பு இருக்கிறது, அதுவும் திரும்பி வருகிறது. அப்புறம்தான் அக்கா வலது கையை முந்தானைக்குள் வைத்திருப்பதைக் கவனித்தாள்.

"கையக் காட்டுக்கா."

"ஒண்ணுமில்லடி, சாப்புட்டியா நீ?"

"காட்டு."

கட்டைவிரல் வீங்கி, நகத்தைச் சுற்றிக் கருநீலமாகி, சீழ் கோத்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அக்காவுக்கு எந்த வேலையும் நிற்கவில்லை. சாப்பாடு வாய்க்கு வந்தது, தலை சீவப்பட்டது, சேலைகூடத் துவைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்படி அவளுக்கு ஒரு இடைஞ்சலும் வரவில்லை. அன்று ஜெயசித்ராவின் முகத்தில் குழப்பம் இல்லை. ஆட்டோ பிடித்தாள், ஜெயங்கொண்டம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள், கீறிச் சீழ் எடுக்கும்வரை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும் என்றார் டாக்டர். திரும்பும் ஆட்டோவில்தான் அவள் உடைந்துபோய் அழுதுவிட்டாள். கட்டுப்போட்ட கையோடு அமிர்தவல்லிதான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

கொட்டகைக்கு வந்ததும் செல்வம்மாளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஊட்டி ஊட்டித்தான் இவ கை இப்படி ஆச்சு. தானே பிசைஞ்சு தின்னிருந்தா மொத நாளே வலி தெரிஞ்சு ஓடியிருப்பா. நான் சனிக்கெழம வரேன். அதுவரைக்கும் யாரும் ஊட்டக் கூடாது."

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "ஏன்டி, அவ என்னயப் பட்டினி போட்டிருந்தா வெரலு ஆறியிருக்குமா?"

"இரு, கொஞ்சம் குழம்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

அந்த இரண்டு நாளும் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அம்பை அழித்தாள். அக்கா ஞாபகம் வந்து திரும்பப் போட்டாள். அக்காவின் விரல் ஞாபகம் வந்து அழித்தாள். அக்காவைச் சோறில்லாமல் விடாததும் அதே அம்பு, அவள் கையை மறைத்து வைத்ததும் அதே அம்பு. தோசை வார்க்கும்போது கல்லில் சட்டுவத்தால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். மணிவேல் தட்டை எடுத்துக்கொண்டு, கோடு விழுந்த தோசையை வாங்கித் தின்றுவிட்டு வேலைக்குப் போனான். ரப்பரால் அழித்து அழித்துக் காகிதம் அந்த இடத்தில் மெலிந்துபோய் வெளிச்சம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால் அவள் அந்த மெலிந்த காகிதத்தையே விரித்தாள். வெளியிலிருந்து வந்திருந்த பெரிய பேராசிரியர் அம்புகளைப் பார்த்தார்.

"இவங்க ஒருத்தருக்கொருத்தர் செஞ்சுக்கறாங்க, சரி. அது நல்லதா, கெட்டதாம்மா?"

ஜெயசித்ராவுக்கு வழக்கமான வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேடம் முறைப்பதைப் பார்த்து அதை விழுங்கிவிட்டு, "தெரியலைங்க சார்" என்றாள்.

"அளந்து பாத்தீங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்பப் புள்ளிக்கோடாப் போட்டுடுங்க."

அங்கேயே அழித்துப் புள்ளி புள்ளியாக வைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது. நர்சிங் ஆய்வேட்டில் புள்ளிக்கோட்டுக்கு ஒரு அர்த்தம் உண்டு. படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் எழுதிவிடுவார்கள்: புள்ளிக்கோடு, ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இருக்கிறது, ஆனால் நாங்கள் அதற்குப் பொறுப்பில்லை என்று பொருள். கமிட்டி கையெழுத்துப் போட்டது. பிரவீணா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மணிவேலுக்குப் போன் போட்டதும் அவன் வயரிங் செய்துகொண்டிருந்த வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டான். ஜெயசித்ராவுக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் அது பொய். பாஸான காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வராண்டாவில் நின்றாள். செல்வம்மாளும் அக்காவும் புள்ளி புள்ளியாக இருந்தார்கள்.

பாக்யலட்சுமி மேடம் பக்கத்தில் வந்தார். "என்னம்மா இன்னும்?"

"ஒண்ணுமில்லைங்க மேடம். இப்ப அம்பு இருக்குதா, இல்லையா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் தீசிஸ்லயும் ஒரு அம்பு உண்டு. அது ஏன் கீழேருந்து மேல போகுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் கேக்கலை, நானும் விட்டுட்டேன்." சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பசங்ககிட்ட சொல்லிடாதீங்க."

சனிக்கிழமை காலையில் எழுந்து அவள் ஒரு ஸ்பூன் செய்தாள். சாதாரண எவர்சில்வர் ஸ்பூன்தான். அதன் காம்பில் ரோலர் பேண்டேஜைச் சுற்றிச் சுற்றி, மேலே பிளாஸ்டர் ஒட்டி, மக்காச்சோளக் கட்டை பருமனுக்குக் கொண்டுவந்தாள். விரலை மடக்க முடியாதவர்கள் உள்ளங்கையால் பிடித்துத் தாங்களே சாப்பிட வார்டில் செய்து கொடுப்பது. இதைச் செய்யும்போது அவள் ஒரு தடவைகூட நின்று யோசிக்கவில்லை. செய்து முடித்த பிறகு நேரம் பார்த்தாள்; சாப்பிட நேரமில்லை. ஓடிப் போய் பஸ்ஸைப் பிடித்தாள்.

கொட்டகையில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அமிர்தவல்லி வேலைக்கு வரவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் வந்திருந்தாள். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. எதிரில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோறு. ஜெயசித்ரா சொல்லிவிட்டுப் போனதற்குக் கட்டுப்பட்டு இந்த இரண்டு நாளாகச் செல்வம்மாள் ஊட்டவில்லையாம். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். அமிர்தவல்லி இடது கையால் அள்ளிப் பாதியை மடியில் கொட்டிக்கொண்டு தின்றாளாம். இதைச் செல்வம்மாளே கோபமாகச் சொன்னாள்.

"இந்தாக்கா" என்று ஜெயசித்ரா ஸ்பூனை நீட்டினாள். "கட்டு மேலயே புடிக்கலாம். வெரலு மடக்க வேணாம். நீயே சாப்புடலாம்."

பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அமிர்தவல்லி அந்தத் தடித்த காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். நின்றது. முதல் வாய் அள்ளும்போது தட்டு நகர்ந்தது. செல்வம்மாள் கையை நீட்டப் போய், ஜெயசித்ராவைப் பார்த்து, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை ஸ்பூன் நிறையச் சோறு வந்தது, ஒரு பருக்கை சிந்தவில்லை. ஜெயசித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. தியரி இதைத்தான் சொல்கிறது, இதேதான்.

அமிர்தவல்லி ஸ்பூனை வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். பாதி வழியில் நிறுத்தி, எதிரில் குந்தியிருந்த தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"காலையில சாப்புட்டியாடி?"

"நீ மொதல்ல சாப்புடுக்கா."

"தெரியும்" என்றாள் அமிர்தவல்லி. ஸ்பூன் திரும்பியது. கட்டுப்போட்ட கை நடுங்காமல் தங்கையின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. "வாயத் தொற."

ஜெயசித்ராவின் கை கொண்டையிலிருந்த பென்சிலுக்குப் போயிற்று. செல்வம்மாளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், காத்துக்கொண்டிருக்கும் ஸ்பூனைப் பார்த்தாள்.

"இரு, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் வாயைத் திறந்தாள்.